ஒரே விரிப்பு, இரண்டு மேசை

அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒஹாயோ கிராமங்களில் ஆமிஷ் என்றொரு கிறிஸ்தவப் பிரிவினர் இருக்கிறார்கள். கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், குதிரை வண்டிதான். வீட்டுக்குள் மின்கம்பி வராது. கல்யாணமான ஆண்களுக்குத் தாடி உண்டு, மீசை கிடையாது. இவர்கள் வீட்டு விருந்துகளில் சில சமயம் ஒரு விநோதமான ஏற்பாட்டைப் பார்க்கலாம். இரண்டு மேசைகளை அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் நாலு விரல் இடம் விட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே துணியை விரித்திருப்பார்கள். வாசலிலிருந்து பார்த்தால் ஒரே மேசை மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மொத்தக் குடும்பம். இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒரே ஆள்: திருச்சபையை விட்டுப் போன மகன், அல்லது மகள்.

விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது சபையின் கட்டளை. பெற்றவளுக்கோ பிள்ளையை வேறு அறையில் உட்காரவைக்க மனம் வருவதில்லை. அதனால்தான் இந்த நாலு விரல் இடம். கட்டளையும் மீறப்படவில்லை, பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கிண்ணத்தை நீட்டினால் யாரும் கைநீட்டி வாங்க மாட்டார்கள். மேசையில் வைக்க வேண்டும், அப்புறம் எடுத்துக்கொள்வார்கள்.

இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஒதுக்கப்படுபவர் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் அல்ல. நேற்றுவரை அதே மேசையில் நடுநாயகமாக உட்கார்ந்து சாப்பிட்டவர்.

மதத்தை விட்டு வெளியேறுவது என்றால் மனசுக்குள் நடக்கும் கருத்து மாற்றம் என்றுதான் வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறோம். நம்பிக்கை போயிற்று, கிளம்பிவிட்டார், இனிமேல் சுதந்திரம்தானே என்று தோன்றுகிறது. கட்டுப்பாடு மிகுந்த, மூடிய சமூகங்களிலிருந்து வந்தவர்களைப் பற்றிக் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அவர்களுக்கு வலிப்பது கடவுள் போனது அல்ல, அல்லது கடவுள் போனது மட்டும் அல்ல. அம்மா, அண்ணன், வேலை, மொழி, வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு, செத்தால் புதைக்கும் இடம் எல்லாம் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை அவிழ்த்தபோது எல்லாம் போய்விட்டன. இது தற்செயலாக நேர்வதும் அல்ல.

ஆமிஷ்காரர்களின் வரலாறே விலக்கிவைப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. 1693-இல் சுவிட்சர்லாந்திலும் அல்சாஸ் பகுதியிலும் இருந்த அனபாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடையே ஒரு சண்டை. தவறு செய்தவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினால் போதும் என்றனர் ஒரு சாரார். போதாது, அவரோடு சாப்பிடுவது, கொடுக்கல் வாங்கல் எதுவுமே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும் விலகியிருக்க வேண்டும் என்றார் யாக்கோப் அம்மன் என்ற மூப்பர். அவர் பக்கம் நின்றவர்கள்தான் ஆமிஷ். இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 4 லட்சம் பேர்.

அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பதினெட்டு, இருபது வயதில் தானே முடிவெடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே வெளியேறுகிறவருக்கு இந்த விலக்கு கிடையாது. சத்தியம் செய்து கொடுத்துவிட்டு மீறுகிறவருக்குத்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞானஸ்நானம் வாங்காதவருக்குச் சபைக்குள் கல்யாணம் நடக்காது. இருபது வயதுப் பையன் பக்கத்துப் பண்ணைப் பெண்ணை விரும்பினால், அவன் இறையியலை எவ்வளவு நிதானமாக யோசித்து முடிவெடுப்பான் என்பதை ஊகிக்கலாம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

தங்காதவர்களில் ஒருவரின் கதை நீதிமன்றம்வரை போனது. ஒஹாயோவைச் சேர்ந்த ஆண்ட்ரூ யோடர் என்ற விவசாயியின் மகளுக்கு உடல்நலம் சரியில்லை, அடிக்கடி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. குதிரை வண்டி கட்டுப்படியாகவில்லை. 1942-இல் கார் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் வேறொரு சபைக்கு மாறினார். கடவுளையும் விடவில்லை, கிறிஸ்துவையும் விடவில்லை, மாற்றிக்கொண்டது வாகனத்தை மட்டும்தான். பழைய சபை அவரை ஒதுக்கிவைத்தது. கதிரடிப்புக்கு ஒருவர் களத்துக்கு ஒருவர் போய்க் கைமாற்றிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அவர் களத்துக்கு ஆள் வரவில்லை. 1947-இல் வூஸ்டர் நகர நீதிமன்றத்தில் சபைத் தலைவர்கள்மேல் வழக்குப் போட்டு 5,000 டாலர் இழப்பீடு வாங்கினார். நீதிமன்றத்தால் பணத்தை வாங்கிக் கொடுக்க முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரனைப் பேசவைக்க எந்த நீதிபதியால் முடியும்?

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, வெறுமனே பேசாமல் இருக்கிறார்கள். அது ஏன் அவ்வளவு வலிக்கிறது?

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் நாயோடு உட்கார்ந்திருந்தார். அறிமுகமில்லாத இருவர் தட்டெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தட்டு இவர் பக்கம் உருண்டு வந்தது, எடுத்து வீசினார். அவர்கள் இவருக்கும் வீசினார்கள். சில நிமிடம் மூவரும் விளையாடினார்கள். திடீரென்று அவர்கள் இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டுத் தமக்குள் விளையாடத் தொடங்கினார்கள். பெயர் தெரியாத இரண்டு பேர், இனி பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் மனிதருக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கையே அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடும் விளையாட்டு; அதற்கு சைபர்பால் என்று பெயர். சோதனைக்கு வந்தவருக்கு முதலில் சில முறை பந்து வரும், அப்புறம் வராது. மற்ற இருவர் உண்மையில் ஆட்களே இல்லை, எழுதிவைத்த நிரல்.

2003-இல் நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மன் ஆகியோருடன் சேர்ந்து, இந்த விளையாட்டை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்த 13 பேரை ஆடவைத்தார் வில்லியம்ஸ். பந்து வராமல் போனபோது மூளையில் ஆன்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸ் எனப்படும் பகுதியின் மேற்புறத்தில் இயக்கம் கூடியது. உடம்பில் அடிபட்டால் அந்த வேதனையோடு தொடர்புடைய பகுதி அது. உடனே ‘தனிமைப்படுத்தினால் மூளைக்கு அது உடல்வலிதான்’ என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அவ்வளவு எளிதல்ல. பதிமூன்று பேர் சின்ன எண்ணிக்கை. அந்தப் பகுதி வேறு பல வேலைகளுக்கும் விழித்துக்கொள்ளும். 2014-இல் டார் வேகர் குழுவினர் நுணுக்கமாக ஆராய்ந்து, உடல்வலியின் மூளைத் தடமும் நிராகரிப்பின் தடமும் வேறுவேறு என்று காட்டினார்கள். ஆகவே ‘இரண்டும் ஒன்று’ என்பதை நான் இங்கே வாங்கிக்கொள்ளப்போவதில்லை.

வாங்கிக்கொள்ள வேண்டியது வேறு இரண்டு சோதனைகள். 2004-இல் வில்லியம்ஸும் சகாக்களும், ‘எதிரே ஆட்கள் இல்லை, கணினிதான் எறிகிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடவைத்தார்கள். அப்போதும் பந்து வராதவர்கள் மனம் தளர்ந்தார்கள். 2007-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உங்களை ஆட்டத்தில் சேர்க்காமல் விடுபவர்கள் கு கிளக்ஸ் கிளான் இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி ஆடவைத்தார்கள். வந்தவர்கள் அருவருக்கும் கும்பல் அது. அவர்கள் ஒதுக்கியபோதும் வலித்தது.

நம் விஷயத்துக்கு இதுதான் சாவி. நம்பாத ஒரு கூட்டம், வெறுக்கும் ஒரு கூட்டம் ஒதுக்கினாலும் வலிக்கும். வெளியேறியவர்கள் பலர் இந்த வலியைத் தப்பாகப் படித்துக்கொள்கிறார்கள். ‘இவ்வளவு வலிக்கிறதே, அப்படியென்றால் நான் செய்தது தப்போ? உள்ளுக்குள் இன்னும் நம்புகிறேனோ? சொன்ன மாதிரியே கடவுள் தண்டிக்கிறாரோ?’ சபையும் அப்படித்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆய்வு சொல்வது: ஒதுக்கப்பட்டால் வலிக்கும், முடிவு சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும். கூட்டத்திலிருந்து துரத்தப்பட்டால் பிழைக்க முடியாத காலத்தில் உருவான எச்சரிக்கை மணி அது. ஒதுக்கியவர் யார், ஏன் என்று விசாரித்துவிட்டு அடிப்பதில்லை.

பந்து விளையாட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், வலியும் சீக்கிரம் அடங்கிவிடும். வருஷக்கணக்கில் நீண்டால்? மூன்று கட்டங்களைச் சொல்கிறார் வில்லியம்ஸ். முதலில் சுருக்கென்ற வலி. அடுத்து, எப்படியாவது திரும்பச் சேர்ந்துவிட முயல்வது, அல்லது கோபப்படுவது. அதுவும் பலிக்காமல் போனால் கடைசியில் கைவிட்டுவிடுவது: மனச்சோர்வு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, இருந்தும் இல்லாத மாதிரி ஓர் உணர்வு.

இந்த விலை ஏன் இவ்வளவு அதிகம் என்பதைப் பொருளாதார அறிஞர் ஒருவர் விளக்கியிருக்கிறார். லாரன்ஸ் ஐனக்கோன் 1990-களில் கேட்ட கேள்வி இது: கட்டுப்பாடு கூடினால் ஆட்கள் ஓடத்தானே வேண்டும், கண்டிப்பான சபைகள் ஏன் வலுவாக இருக்கின்றன? அவர் பதில், ஓசியில் பயன்பெற வருகிறவர்களைக் கட்டுப்பாடுகள் வடிகட்டிவிடுகின்றன என்பது. கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு, தொலைக்காட்சி இல்லாமல், வாரத்துக்குப் பல மணிநேரம் சபைக்குக் கொடுக்கத் தயாராக இருப்பவர் மட்டும்தான் உள்ளே இருப்பார். அதனால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் கைகொடுப்பார்கள். ஆமிஷ் வீட்டில் களஞ்சியம் எரிந்துபோனால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து ஒன்றிரண்டு நாளில் புதிதாக எழுப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் காப்பீடு எடுப்பதில்லை; ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சபை கூடிப் பணம் போடும்.

ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் இதைப் பழைய பதிவேடுகளில் சோதித்துப் பார்த்தார். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தனிக் குடியிருப்புகளாக வாழ்ந்த 83 கூட்டுச் சமூகங்களை எடுத்துக்கொண்டார். உணவு, உடை, சொத்து, உறவு என்று எத்தனை கட்டுப்பாடுகள் இருந்தன, எத்தனை ஆண்டு நிலைத்தன என்று 2003-இல் கணக்குப் போட்டார். மதச் சமூகங்களில், கட்டுப்பாடு கூடக்கூட ஆயுளும் கூடியது. மதம் சாராத சமூகங்களில் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை.

ஆக, உள்ளே இருக்கும் கதகதப்பும் வெளியே போகிறவருக்கு வைக்கும் சுவரும் ஒரே செங்கல்லால் கட்டியவை. மூடிய சமூகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். சிறை என்று எழுதுவார்கள், அல்லது சொர்க்கம் என்று எழுதுவார்கள். வெறும் சிறையாக இருந்தால் வெளியே வந்தவர் பத்து வருஷம் கழித்தும் ஏன் அழுகிறார்? வெறும் சொர்க்கமாக இருந்தால் ஏன் கிளம்பினார்?

வெளியுலகத்தில் மாற்று கிடைக்காமல் பார்த்துக்கொள்வதும் கட்டுமானத்தின் ஒரு பகுதிதான். ஆமிஷ் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அந்த உரிமையை 1972-இல் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கொடுத்தது. (அங்கே யோடர் என்பது நம்மூர் முருகன் மாதிரி, முன்னே சொன்னவருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) அந்தத் தீர்ப்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு ஒரு கேள்வி கேட்டார்: பெற்றோரின் மத உரிமையைப் பற்றியே பேசுகிறோம், படிக்க வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளையை யாராவது கேட்டோமா? பிள்ளை இருபது வயதில் கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். வீட்டில் பிறந்தவர்கள் சிலருக்குச் சமூகப் பாதுகாப்பு எண்கூட இருக்காது. அமெரிக்காவில் அது இல்லாமல் வேலை தேடுவது, ஆதார் இல்லாமல் இங்கே சிம் கார்டு வாங்கப் போவதைவிடக் கஷ்டம்.

நியூயார்க் பக்கம் வாழும் ஹசிடிக் என்ற கண்டிப்பான யூதப் பிரிவினரிடம் இதே அமைப்பு வேறு உடுப்பில் இருக்கிறது. ஷூலெம் டீன் என்ற எழுத்தாளர் நியூ ஸ்கொயர் என்ற ஊரில் வாழ்ந்தவர். மொத்த ஊரும் ஒரே குருபீடத்தின் கீழ். பேசுவது இத்திஷ். பதினெட்டு வயதில், சில நிமிடம் மட்டுமே பார்த்திருந்த பெண்ணோடு கல்யாணம்; ஐந்து பிள்ளைகள். தடைசெய்யப்பட்ட வானொலியில் தொடங்கி, பொது நூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம், பிறகு இணையம் என்று அவருக்கு வெளியுலகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2005-இல் மதவிரோதி என்று சொல்லி ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். மணவாழ்வு முறிந்தது. அதன் பிறகு பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 2015-இல் வந்த அவருடைய தன்வரலாறு விருதெல்லாம் பெற்றது. அதில் நம்பிக்கை போன கதையைவிடப் பிள்ளைகள் போன கதைதான் படிப்பவரைத் தூங்கவிடாது.

உயிரோடு இருக்கும் பிள்ளையை இழப்பது என்ன வகைத் துக்கம்? பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத அந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள், அழுது முடிக்கவும் முடியாது. மூடிய சமூகத்தை விட்டு வந்தவரின் நிலையும் இதுதான், இரண்டு பக்கமும். வெளியே போனவருக்கு அம்மா இருக்கிறாள், ஆனால் இல்லை. அம்மாவுக்கும் அப்படியே. பழைய வழக்கப்படி, மதத்தை விட்டுப் போன பிள்ளைக்காக ஏழு நாள் துக்கம் காத்த யூதக் குடும்பங்கள் உண்டு. நம்மூரில் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். அப்படி முழுகினாலும் துக்கம் முடிந்ததா என்றால், கிழவி சாகும்போது யார் பெயரைச் சொன்னாள் என்று அந்த வீட்டில் கேட்டால் தெரியும்.

உடல்நலத்திலும் இது தெரிகிறதா என்று பார்த்தவர்கள் கிறிஸ்டோபர் ஷைட்டில், ஏமி ஆடம்சிக். அமெரிக்காவில் 1972 முதல் 2006 வரை எடுக்கப்பட்ட பொதுச் சமூகக் கணக்கெடுப்பை அலசி 2010-இல் வெளியிட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள், மார்மோன்கள் போன்ற கண்டிப்பான பிரிவுகளில் பிறந்து அங்கேயே தங்கியவர்களில் 40 சதவீதம் பேர் தங்கள் உடல்நலம் மிக நன்று என்றார்கள். வேறு மதப் பிரிவுக்கு மாறியவர்களில் 25 சதவீதம். மதத்தையே விட்டவர்களில் 20. கண்டிப்பில்லாத மதங்களை விட்டவர்களிடம் இப்படி ஒரு சரிவு தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு, வெளியேறியதால் நோய் வந்தது என்று யாரும் பிரசங்கம் செய்யக் கிளம்ப வேண்டாம். நோயாளியாகி, சபைக்கு முன்போல் உழைக்க முடியாமல் வெளியேறியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். கண்டிப்பான சபைகள் குடியையும் புகையையும் தடுப்பவை என்பதும் உண்டு. ஆனாலும் இரட்டிப்பு வித்தியாசம் சும்மா தள்ளிவிடக்கூடியதல்ல.

வெளியே வந்த பிறகும் உடம்பு உடனே வெளியே வருவதில்லை. ஹெலன் ரோஸ் ஈபா முன்பு கன்னியாஸ்திரியாக இருந்தவர், பிறகு சமூகவியலாளர் ஆனார். மடத்தை விட்டவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், தொழிலை விட்ட மருத்துவர்கள் என்று 185 பேரிடம் பேசி 1988-இல் ஒரு நூல் எழுதினார். ‘முன்னாள்’ என்பதே தனி அடையாளம், பழைய வேஷத்தின் மிச்சம் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றார். டேரில் வான் டாங்கரென் குழுவினர் பின்னாளில் அமெரிக்கா, ஹாங்காங், நெதர்லாந்து, நியூசிலாந்து என்று நான்கு இடங்களில் அளந்து பார்த்தார்கள். மதத்தை விட்டவர்களின் மனப்போக்கு, மதத்திலேயே இருப்பவர்களுக்கும் என்றுமே மதம் இல்லாதவர்களுக்கும் நடுவில் விழுந்தது. நரகம் இல்லை என்று தெளிவாக அறிந்தவருக்கும் இடி இடித்தால் நெஞ்சு படபடக்கிறது. ஓய்வுநாளில் விளக்கு சுவிட்சைத் தொடக் கை கூசுகிறது. விலக்கப்பட்ட இறைச்சியின் முதல் வாய் உள்ளே போக மறுக்கிறது. இதற்கு வாதம் மருந்தல்ல, காலமும் பழக்கமும்தான்.

ஒரே ஊர், ஒரே சமூகம், ஒரே தண்டனை. ஒருவர் உடைந்தார், ஒருவர் நின்றார். 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமின் போர்ச்சுகீசிய யூதர்களிடையே நடந்தது இது. ஊரியல் ட கோஸ்டா, போர்ச்சுகலின் போர்த்தோ நகரில் கத்தோலிக்கராக வளர்ந்து, மூதாதையரின் யூத மதத்துக்குத் திரும்புவதற்காக ஆம்ஸ்டர்டாம் வந்தவர். வந்த இடத்தில் ரபிகளின் சட்டங்கள் வேதத்தில் இல்லையே என்று கேட்டார், விலக்கிவைத்தார்கள். தெருவில் உடன்பிறந்த தம்பிகள்கூடப் பார்த்தும் பார்க்காமல் போனார்கள். டச்சு மொழி தெரியாது, வெளியே ஒரு நண்பரும் கிடையாது. பல வருஷம் தாங்கிப் பார்த்துவிட்டுப் பணிந்தார், மறுபடியும் விலக்கு, மறுபடியும் பணிந்தார். 1640-இல் ஜெபக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் 39 கசையடி வாங்கி, வாசற்படியில் குறுக்கே படுத்தார். சபையே அவரைத் தாண்டி வெளியே போனது. அதன் பிறகு தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிவைத்துவிட்டுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்.

அப்போது அதே சமூகத்தில் ஸ்பினோசா ஏழெட்டு வயதுப் பையன். 1656 ஜூலை 27-இல், 23 வயதில், அவருக்கும் விலக்கு வந்தது: யாரும் அவரோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, நாலு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது. அவர் திரும்பிப் போகவே இல்லை. 1677-இல் இறக்கும்வரை எழுதினார், இன்று தத்துவம் படிக்கும் எல்லோரும் அவரைப் படிக்கிறோம். ட கோஸ்டாவுக்குத் துணிச்சல் இல்லை, ஸ்பினோசாவுக்கு இருந்தது என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பினோசாவுக்கு டச்சு தெரியும். வான் டென் எண்டன் என்ற முன்னாள் பாதிரியாரிடம் லத்தீன் கற்றார். கொலேஜியன்ட் எனப்பட்ட, சபைக் கட்டுப்பாடு இல்லாத கிறிஸ்தவர்கள் நண்பர்களாக இருந்தார்கள். கண்ணாடி வில்லை தேய்க்கும் தொழில் கையில் இருந்தது. மொழி, நட்பு, தொழில், மூன்றும் சுவருக்கு வெளியே. ட கோஸ்டாவுக்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அந்த மூன்றைத்தான் இன்று உதவுகிறவர்களும் கொடுக்கப் பார்க்கிறார்கள். இஸ்ரேலில் 1991-இல் தொடங்கிய ஹில்லெல், நியூயார்க்கில் 2003-இல் ஹசிடிக் குடும்பத்தில் பிறந்த ஓர் இளம்பெண் தொடங்கிய ஃபுட்ஸ்டெப்ஸ் ஆகிய அமைப்புகள் கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே போவதில்லை. தங்க இடம், பள்ளிச் சான்றிதழுக்குப் பயிற்சி, பிள்ளைகளின் பொறுப்பு பற்றிய வழக்கில் வக்கீல், தன்னைப் போலவே வந்த நாலு பேரோடு உட்கார்ந்து பேச ஓர் அறை. நான் படித்தவரையில் எந்தத் தத்துவ நூலைவிடவும் இவைதான் ஆட்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சத்தமில்லாமல் வெளியேறி, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி நன்றாக இருப்பவர்கள் தன்வரலாறு எழுதுவதில்லை, ஆய்வாளரைத் தேடி வருவதுமில்லை. நாம் கேட்பது பெரும்பாலும் காயம்பட்டவர்களின் குரல்.

சட்டம் என்ன செய்யும்? பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கனடாவில் கால்கரி நகரில் வீட்டுமனைத் தரகராக இருந்த ஒருவரை யெகோவாவின் சாட்சிகள் சபை விலக்கியது. வாடிக்கையாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யெகோவாவின் சாட்சிகள்தான்; தொழிலும் அடிவாங்கியது. 2018-இல் கனடா உச்ச நீதிமன்றம், யார் உறுப்பினர் என்பது சபையின் விஷயம், நாங்கள் தலையிட முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

இந்தியாவில் கதை இன்னும் நீளம். தாவூதி போரா முஸ்லிம்களிடையே தலைமைக்குப் பணியாதவரை விலக்கிவைப்பதற்கு பராத் என்று பெயர். விலக்கப்பட்டவருக்குச் சமூகத்தின் மசூதியும் இல்லை, அடக்கத்தலமும் இல்லை. இதைத் தடுக்க பம்பாய் மாகாணம் 1949-இல் ஒரு சட்டம் போட்டது. 1962-இல் உச்ச நீதிமன்றம், விலக்கிவைப்பதும் மத உரிமைதான் என்று சொல்லி அதை ரத்து செய்தது. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி 1986-இல் சீர்திருத்தவாதிகள் மனுச் செய்தார்கள். மகாராஷ்டிரம் 2016-இல் எல்லாச் சாதி மதத்துக்கும் பொதுவாகச் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1986-இன் மனுவோ 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்விலிருந்து ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. போட்ட நாளிலிருந்து 37 வருஷம்.

ஆகையால் கோர்ட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மதத்துக்காகவோ, சாதிக்காகவோ, கட்டுப்பாட்டை மீறியதற்காகவோ உங்கள் வீட்டில் தலைமுழுகப்பட்ட ஒருவர் எங்காவது இருந்தால், அவர் எண் உங்களிடம் இருந்தால், கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் செய்தது சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.